கப்பலா, துறையா, கைவேலையா? போர்ட்ஸ்மவுத்தின் கடற்படை வரலாற்றைக் காப்பது பற்றிய விவாதங்கள்

ஒரு துறைமுக நகரம் தன் கடற்படை வரலாற்றைக் காக்க நினைத்தால், எதைக் காக்க வேண்டும்? இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடிவருகிறது. அது கண்ட பதில்கள் பல. அவற்றில் சில ஒன்றையொன்று மறுப்பவை. 1922-இல் ஒரு மரக்கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்து உலர்துறையில் நிறுத்தியது ஒரு பதில். 1949-இல் அதே துறைமுகத்திலிருந்து இன்னொரு மரக்கப்பலை இழுத்துச் சென்று வெடிவைத்து மூழ்கடித்தது வேறொரு பதில். 1982-இல் கடலடிச் சேற்றிலிருந்து பாதிக் கப்பல் ஒன்றைத் தூக்கியது மூன்றாவது. 1987-இல், எண்ணெய் இறக்கும் மிதவையாக ஐம்பது ஆண்டுகள் கிடந்த இரும்புக் கப்பலுக்குப் பழைய கோலம் கொடுத்துக் கரையில் கட்டியது நான்காவது.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் பணம், அரசியல், தற்செயல் எல்லாம் உண்டு. ஆனாலும் ஒவ்வொன்றும், பழம்பொருளில் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பது பற்றிய ஒரு கருத்தைச் சார்ந்தே எடுக்கப்பட்டது. அந்தக் கருத்துகள் எங்கிருந்து வந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. போர்ட்ஸ்மவுத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், வழக்கமான விடைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே துறைமுகத்துக்குள் சோதித்துப் பார்த்த நகரம் வேறு அதிகம் இல்லை என்பதுதான்.

ஒரு நாளில் நிறுத்திய கப்பல்

உலர்துறையில் நிறுத்திய 'விக்டரி'யின் அடிமரம் 1759-இல் சாத்தம் கப்பல்துறையில் போடப்பட்டது. கப்பல் 1765-இல் நீரில் இறங்கியது. 1778-இல்தான் பணியில் சேர்ந்தது. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இறந்தது இதன் மேல். 1812-க்குப் பின் போருக்குப் போகாமல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. 1903-இல் 'நெப்டியூன்' என்ற கப்பல் இழுவைக் கயிறு அறுந்து வந்து மோதியபோது ஏறத்தாழ மூழ்கும் நிலை. முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் பலகைகள் இற்றுப்போயிருந்தன. 1910-இல் தொடங்கப்பட்ட கடல்சார் ஆய்வுக் கழகம் கப்பலைக் காக்கும் இயக்கத்தை முன்னெடுத்தது. அட்மிரல் ஸ்டர்டி நிதி திரட்டலுக்குத் தலைமை ஏற்றார். கப்பல் அதிபர் ஜேம்ஸ் கேர்டு பெருந்தொகை கொடுத்தார். 1922 ஜனவரியில் இரண்டாம் எண் உலர்துறைக்குள் நுழைந்த விக்டரி அதன்பின் வெளியே வரவில்லை.

அப்போது எடுத்த முக்கிய முடிவு, கப்பலை டிரஃபால்கர் நாளின் தோற்றத்துக்குக் கொண்டுபோவது. 1814-க்குப் பிந்தைய பழுதுபார்ப்பில் கப்பலின் முகப்பு வட்டமாக மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. 1920-களில் அதை நீக்கிவிட்டுப் பழைய வடிவில் மறுபடி செய்தார்கள். 1928-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து வேலை முடிந்ததை அறிவித்தார்.

இந்த நிலைப்பாட்டின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டட மீட்டமைப்பில் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்கு ஒரு 'சிறந்த தருணம்' உண்டு, பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி அந்தத் தருணத்தை மீட்க வேண்டும் என்பது அக்காலப் பழக்கம். அதை அப்போதே கலை விமர்சகர் ரஸ்கின் கடுமையாகத் தாக்கினார். வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே அதை எதிர்த்துத்தான். 1964-இன் வெனிஸ் சாசனம், எல்லாக் காலத்தின் சேர்க்கைகளுக்கும் மதிப்புத் தர வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று வகுத்தது. அந்த அளவுகோலில் பார்த்தால் 1920-களின் வேலை தேறாது. ஒரு நாளைக் காட்டுவதற்காக நூறு ஆண்டுத் துறைமுக வாழ்க்கையின் தடயங்கள் அழிக்கப்பட்டன. இப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மாரிஸின் கொள்கையைக் கப்பலுக்கு அப்படியே பொருத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. கல் கட்டடத்தைத் தொடாமல் விட்டால் மெதுவாகத்தான் சிதையும். மரக்கப்பலைத் தொடாமல் விட்டால் ஒரு தலைமுறைக்குள் மண்ணாகிவிடும்.

'ஒரு நாளின் தோற்றம்' என்பதும் நிலையாக நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்கள் கண்ட அந்த அடர்ந்த மஞ்சள் பட்டைகள் நெல்சன் காலத்தவை அல்ல என்பது வண்ண அடுக்குகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. 2015-இல் வெளிறிய நிறத்துக்கு மாற்றினார்கள். அதாவது 1805 என்பதே அவ்வப்போது திருத்தப்படும் ஒரு கணிப்பு.

இரண்டாவது பலவீனம் பொறியியல் சார்ந்தது. தண்ணீரில் மிதக்கும்போது கப்பலின் எடையை நீர் எல்லாப் பக்கமும் தாங்குகிறது. உலர்துறையில் அந்தத் தாங்கல் இல்லை. குறைந்த எண்ணிக்கையிலான எஃகுத் தாங்கிகளில் பத்தாண்டுக் கணக்கில் உட்கார்ந்திருந்ததால் உடல் தொய்ந்தது. 1941 மார்ச்சில் துறைக்குள் விழுந்த ஜெர்மன் குண்டு அடிப்பகுதியில் ஓட்டை போட்டது தனிக்கதை. 2011-இல் பாரத்தைக் குறைக்க மேல் பாய்மரங்களை இறக்க வேண்டியதாயிற்று. பிறகு கப்பல் முழுவதையும் லேசர் கொண்டு அளந்து, ஒவ்வொன்றும் தன் மேல் விழும் எடையைத் தெரிவிக்கும் 134 புதிய தாங்கிகளைப் பொருத்தினார்கள். 2022-இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் நடக்கும் என்று திட்டம். பாஸ்டனில் இருக்கும் பழைய அமெரிக்கப் போர்க்கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' இன்றும் மிதப்பதைக் காட்டி, விக்டரியைக் கரையேற்றியதே பிழை என்று வாதிடுவோர் உண்டு. 1922-இல் கசிந்துகொண்டிருந்த கப்பலுக்கு அந்த வழி திறந்திருந்ததா என்பது சந்தேகமே.

இவ்வளவு மரம் மாற்றிய பிறகு அது அதே கப்பல்தானா என்று கேட்டு, பழைய கிரேக்கப் புதிர் ஒன்றை இந்த இடத்தில் இழுத்துவருவது எழுத்தாளர்களின் வழக்கம். அது விவாதத்தை அதிகம் நகர்த்துவதில்லை. போருக்குப் போய்வந்த காலத்திலேயே விக்டரி பலமுறை பலகை மாற்றப்பட்ட கப்பல்தான். 1800-க்கும் 1803-க்கும் இடையில் நடந்தது ஏறத்தாழ மறுகட்டுமானம். பார்க்க வேண்டியது வேறு: மாற்றும் வேலையை யார், எந்த முறையில், எந்த மரத்தில் செய்கிறார்கள்? இருபதாம் நூற்றாண்டில் ஓக் கிடைக்காமல் தேக்கும் ஐரோக்கோ என்ற ஆப்பிரிக்க மரமும் பயன்படுத்தினார்கள். இப்போது மீண்டும் ஓக்குக்குத் திரும்பியிருக்கிறார்கள். இந்தத் தேர்வுகளில்தான் கொள்கை வெளிப்படுகிறது.

சேற்றிலிருந்து எடுத்த பாதி

'மேரி ரோஸ்' போர்ட்ஸ்மவுத்திலேயே 1510-11-இல் கட்டப்பட்டது. 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுப் படையுடன் மோதப் புறப்பட்டபோது, டூடர் அரசர் எட்டாம் ஹென்றி சவுத்சீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, கரைக்கு அருகிலேயே மூழ்கியது. ஏறத்தாழ 500 பேரில் தப்பியவர்கள் முப்பத்தைந்துக்கும் குறைவு. காற்று திடீரெனத் திசைமாறியதா, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்ததா, பாரம் மிகுந்துபோனதா, பிரெஞ்சுக் குண்டு பட்டதா என்பது இன்னும் முடிவாகவில்லை. 1836-இல் டீன் சகோதரர்கள் சில பீரங்கிகளை எடுத்தார்கள். பிறகு இடம் மறந்துபோயிற்று. 1965-இல் அலெக்சாண்டர் மெக்கீ தேடத் தொடங்கினார். 1971-இல் மரக்கட்டுமானம் கண்ணுக்குத் தென்பட்டது. 1974-இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. தொல்லியலாளர் மார்கரெட் ரூல் தலைமையில் அகழாய்வு நடந்து, 1982 அக்டோபர் 11 அன்று எஞ்சியிருந்த வலப்பாதி மேலே வந்தது.

இங்கே கொள்கை விக்டரிக்கு நேர் எதிர். இல்லாததைச் சேர்க்கக் கூடாது. இருப்பதை இருந்தபடியே நிலைநிறுத்த வேண்டும். இது தொல்லியலின் மரபு. 1628-இல் மூழ்கி 1961-இல் ஸ்டாக்ஹோமில் எடுக்கப்பட்ட 'வாசா'வில் கற்ற பாடங்கள் துணைநின்றன. மேரி ரோஸின் மேல் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் குளிர்நீர் தெளித்தார்கள். 1994 முதல் 2013 வரை பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுக் கரைசலைத் தெளித்தார்கள். மரத்தின் உயிரணுக்களில் நீர் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டு, உலரும்போது சுருங்கிப் பிளக்காமல் காக்கிறது. அதன்பின் உலர்த்தல். 2013-இல் அருங்காட்சியகம் திறந்தது; கப்பலைத் தடையின்றிப் பார்க்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பலன் பெரிது. 19,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். குறைந்தது 179 மனிதர்களின் எச்சங்கள். மருத்துவரின் பெட்டி, சீப்புகள், கஞ்சிக் கலயங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட முழு வில்கள். வில்லாளிகள் எனக் கருதப்படும் சிலருடைய தோள் எலும்புகளில் தொடர்ந்து வில் இழுத்த அடையாளம் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல், எலும்பு ஆய்வுகள், கப்பலில் இருந்தவர்களில் சிலர் தென் ஐரோப்பா அல்லது வட ஆப்பிரிக்கா போன்ற நிலங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்று காட்டுகின்றன. எந்த அரச ஆவணத்திலும் பெயர் இல்லாத மாலுமிகளைப் பற்றி இந்த அளவுக்குப் பேச வைத்தது வேறு எந்தப் பாதுகாப்பு முறையும் அல்ல.

எதிர்வாதமும் வலுவானது. 2001-இன் யுனெஸ்கோ உடன்படிக்கை, நீருக்கடியிலுள்ள பண்பாட்டுச் சின்னங்களை இருந்த இடத்திலேயே விடுவதை முதல் தெரிவாகக் கொள்ளச் சொல்கிறது. பிரிட்டன் அதில் சேரவில்லை. ஆயினும் அதன் இணைப்பிலுள்ள விதிகளை நல்ல நடைமுறையாக ஏற்பதாகக் கூறுகிறது. எடுத்தபின் பராமரிப்புக்கு முடிவு கிடையாது என்பதே இந்த வாதத்தின் சாரம். துருப்பிடித்த இரும்பாணிகளும் கடற்சேற்றின் கந்தகமும் மரத்துக்குள் சேர்ந்து அமிலமாக மாறும் சிக்கல் 2000-ஐ ஒட்டி வாசாவில் வெளிப்பட்டது. மேரி ரோஸுக்கும் அது உண்டு. இன்று மேரி ரோஸை எடுப்பார்களா என்று கேட்டால், எடுக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் அன்று எடுத்திராவிட்டால் டூடர் காலக் கடற்படை வாழ்க்கையைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும்பகுதி இருந்திருக்காது. ஒரு விதியாக இடத்திலேயே விடுவது சரி. விதிவிலக்காக இது நியாயம்தான்.

மீண்டும் கட்டிய இரும்பு

1860-இல் நீரில் இறங்கிய 'வாரியர்', இரும்பு உடலும் கவசமும் கொண்ட முதல் பெரிய போர்க்கப்பல். சில ஆண்டுகளில் பழசாகிப்போனது. 1929 முதல் வேல்ஸின் பெம்ப்ரோக் துறையில் எண்ணெய் இறக்கும் மிதவையாக ஐம்பது ஆண்டுகள் கிடந்தது. தேனிரும்பு என்பதால் உடல் கெடவில்லை. 1979-இல் வடகிழக்கிலுள்ள ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய், எட்டு ஆண்டு வேலைக்குப் பின் 1987 ஜூனில் போர்ட்ஸ்மவுத்துக்கு அழைத்துவந்தார்கள். நகராட்சி இறங்குதுறை கட்டிக்கொடுத்தது. இன்று ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது இந்தக் கப்பல்தான்.

ஏறி உள்ளே போனால் பார்ப்பதில் கணிசமான பகுதி புதிதாகச் செய்தது. பீரங்கிகள் பலவும் மாதிரிகள். எஞ்சின் அறையில் இருப்பதும் மாதிரி. அதே 1987-இல் ராபர்ட் ஹியூசன் 'மரபுத் தொழில்' பற்றிய தம் நூலை வெளியிட்டார். பிரிட்டன் பொருள்களை உற்பத்தி செய்வதை விட்டுவிட்டு மரபை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. கப்பல் கட்டும் வேலை மடிந்துகொண்டிருந்த ஹார்ட்டில்பூலில் பழைய கப்பலுக்குப் புது வேடம் போடுவதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அவருக்குக் கிடைத்திருக்காது. சில ஆண்டுகள் கழித்து ரஃபேல் சாமுவேல் இதை மறுத்தார்: பழமை மீதான சாதாரண மக்களின் ஈடுபாட்டை மேல்தட்டு ஏளனத்தோடு பார்க்க வேண்டியதில்லை, அதில் உண்மையான வரலாற்று அறிவும் உழைப்பும் உண்டு என்றார். இரண்டும் பாதி உண்மை. வேலை இழந்த கப்பல் தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் வாரியர் வேலை கொடுத்தது. அவர்களுடைய திறமையில் ஒரு பகுதி அதனால் இன்னும் ஒரு தலைமுறை நீடித்தது. ஆனால் காட்சிக்கூடத்தில் அவர்களுக்கு முக்கிய இடம் இல்லை. முன்னிற்பவர்கள் 1860-இன் மாலுமிகள், 1980-களின் கொல்லர்கள் அல்லர்.

ஹார்ட்டில்பூலில் இன்று நிற்கும் வேறொரு கப்பலுக்கும் போர்ட்ஸ்மவுத் கதையில் இடம் உண்டு. இலங்கையின் திருகோணமலைப் பெயரைத் தாங்கிய 'டிரிங்கமாலி' 1817-இல் பம்பாயில், வாடியா குடும்பத்தின் கைவேலையில், தேக்கால் கட்டப்பட்டது. பிரிட்டனில் ஓக் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பின்னாளில் வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகி, 1932 முதல் 1986 வரை போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கிடந்தது. உருவத்தை அதிகம் மாற்றாமலே காக்க முடிந்ததற்குத் தேக்குதான் காரணம். நகரத்தின் கடற்படை வரலாறு ஆங்கில ஓக்கால் மட்டும் ஆனதல்ல என்று சொல்லக்கூடிய சான்று, நகரத்தை விட்டே போய்விட்டது. போர்ட்ஸ்மவுத்திலேயே நிற்கும் இன்னொன்று: 1915-இல் கட்டப்பட்டு முதல் உலகப் போரில் கலிப்போலிக்குப் போய்வந்த 'எம்.33' என்ற சிறு பீரங்கிக் கப்பல் 2015 முதல் விக்டரிக்குப் பக்கத்துத் துறையில் திறந்திருக்கிறது. அதைப் பற்றிப் பெரிய கொள்கைச் சண்டை நடக்கவில்லை.

துறையும் அதில் உழைத்தவர்களும்

இதுவரை சொன்னது கப்பல்கள். போர்ட்ஸ்மவுத்தை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக்காட்டுவது கப்பல் அல்ல, கப்பல்துறை. 1495-இல் ஏழாம் ஹென்றி இங்கே ஓர் உலர்துறையைக் கட்ட ஆணையிட்டார். இங்கிலாந்தில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று இருந்ததற்குச் சான்று இல்லை. விக்டரியும் எம்.33-உம் நிற்கும் கல் துறைகள் பல நூற்றாண்டு வேலையின் எச்சங்கள். மற்ற காட்சிப்பொருள்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். இவற்றை முடியாது.

இங்குள்ள கப்பி ஆலை தனியாகக் கவனிக்க வேண்டியது. பாய்க்கயிறுகளை இழுக்கும் மரக்கப்பிகள் ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ ஆயிரம் தேவைப்பட்டன. சாமுவேல் பெந்தமின் ஆதரவோடு பொறியாளர் மார்க் புரூனெல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த 45 இயந்திரங்கள் 1803-ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கே ஓடத் தொடங்கின. 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். நூற்றுப்பத்துக் கைவினைஞர் செய்ததைப் பத்துப் பேர் செய்தார்கள் என்பது அக்காலக் கணக்கு. உலோக இயந்திரங்கள் கொண்டு நடந்த தொடர் உற்பத்தியின் தொடக்கம் இது என்று தொழில்நுட்ப வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். இயந்திரங்களில் சில லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டடம் கடற்படைத் தளத்தின் உள்ளே இருப்பதால் பொதுமக்கள் வழக்கமாகப் போய்ப் பார்க்க முடியாது. உலகத் தொழில் வரலாற்றில் டிரஃபால்கரைவிட இந்தச் செங்கல் கட்டடத்தின் பங்கு பெரிது என்று வாதிடலாம். ஆனால் நுழைவுச்சீட்டு விற்பது நெல்சன் விழுந்த இடத்தைக் காட்டித்தான்.

முதல் உலகப் போரின்போது இந்தத் துறையில் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1967-இல் இறக்கிய 'ஆண்ட்ரோமெடா' அரசுக் கப்பல்துறை இங்கே கட்டிய கடைசிக் கப்பல். 1981-இல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் வெளியிட்ட அறிக்கை கப்பல்துறையைச் சுருக்கப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ஃபாக்லாந்து தீவுப் போருக்குப் படை அனுப்ப வேண்டியபோது, வேலை போகும் என்று அறிவிப்புப் பெற்றவர்களே சில நாட்களில் கப்பல்களைத் தயார் செய்து அனுப்பினார்கள். 1984-இல் துறை ஒரு பழுதுபார்க்கும் அமைப்பாகச் சுருங்கியது. பின்னர் தனியார் நிறுவனம் நடத்திவந்த கட்டுமானமும் 2014-இல் நின்றது.

மக்கள் வரலாற்றுப் பார்வை இங்கிருந்துதான் புறப்படுகிறது. மரபியல் ஆய்வாளர் லோராஜேன் ஸ்மித் 2006-இல் எழுதிய நூலில், எது மரபு என்பதை வல்லுநர்களும் அரசும் முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறார்கள், மற்றவர்களின் நினைவு அதற்குள் அடங்குவதில்லை என்று வாதிட்டார். போர்ட்ஸ்மவுத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 1797-இல் போர்ட்ஸ்மவுத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் மாலுமிகள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உயராத சம்பளத்தை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, அரச மன்னிப்போடு வெற்றியும் பெற்றார்கள். தளபதிகளுக்குச் சிலை உள்ள ஊரில் அவர்கள் பற்றிய சுவடு மிகக் குறைவு. கொடி தைக்கும் கூடத்தில் உட்கார்ந்து தலைமுறைகளாகக் கடற்படைக்குக் கொடி தைத்த பெண்கள், அவர்களில் பலர் மாலுமிகளின் விதவைகள், அண்மைக் காலம்வரை அடிக்குறிப்பில்தான் இருந்தார்கள்.

துறையின் நினைவைத் தொகுக்கும் முயற்சி அடியோடு இல்லாமல் இல்லை. துறை நிர்வாகத்தில் செயலாளராக இருந்த பெஸ்காட் ஃபிராஸ்ட் 1911-இலேயே ஒரு சிறு அருங்காட்சியகம் தொடங்கினார். 1980-களில் பழைய தொழிலாளர்களும் ஆர்வலர்களும் குப்பைக்குப் போகவிருந்த கருவிகளைப் பொறுக்கி வைத்தார்கள்; அதிலிருந்து 1911-இன் பயிற்சித் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கையைக் காட்டும் கூடம் பிறந்தது. 1939-இல் கட்டிய நான்காம் எண் படகுக்கூடம் 2015 முதல் படகு கட்டக் கற்றுத்தரும் இடமாக இயங்குகிறது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம், நினைவு எல்லாமே இனிப்பாகிவிடும் ஆபத்து. விபத்துகளும் கல்நார்த் தூசியால் வந்த நுரையீரல் நோயும் துறையின் வரலாறுதான். கூடங்களில் அவற்றுக்குக் கிடைத்திருப்பது குறைந்த இடமே.

பதிந்துவிட்டுக் கைவிடுதல்

1949-இல் மூழ்கடிக்கப்பட்ட 'இம்ப்ளாக்கபிள்' டிரஃபால்கரில் பிரெஞ்சுப் பக்கம் நின்றது. அடுத்த மாதமே பிடிபட்டுப் பிரிட்டிஷ் கப்பலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில் அதைப் பராமரிக்க இரு நாடுகளும் முன்வரவில்லை. இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, வைட் தீவுக்கு அப்பால் வெடிவைத்தார்கள். முகப்புச் சிற்பமும் பின்புற மாடமும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கின்றன. இந்த இழப்பு ஏற்படுத்திய அதிர்ச்சி, பிறகு 'கட்டி சார்க்' போன்ற கப்பல்களைக் காக்கும் இயக்கத்துக்கு உரமிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதை இன்று பிரிட்டனின் வரலாற்றுக் கப்பல் அமைப்பு வெளிப்படையாகவே ஏற்கிறது. அளந்து, படமெடுத்து, கட்டுமான நுணுக்கங்களைக் குறித்துக்கொண்டு, முறையாகப் பிரித்துவிடுவதும் ஏற்கத்தக்க வழி என்று அதன் வழிகாட்டிகள் கூறுகின்றன. கையில் பணம் இல்லாதபோது இது நேர்மையான பதில். பதிவை முன்கூட்டியே செய்தால்தான் இது செல்லும்; பெரும்பாலும் உடைக்கும் கூடத்தில் நிற்கும்போதுதான் நினைவு வருகிறது.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1982 ஏப்ரல் 5 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஃபாக்லாந்து படையின் கொடிக்கப்பலாகப் புறப்பட்ட விமானந்தாங்கி 'ஹெர்மிஸ்', 1987-இல் 'விராட்' ஆகி முப்பது ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் இருந்தது. 2017-இல் ஓய்வு பெற்றபின் அருங்காட்சியகமாக்கும் பேச்சுகள் பல எழுந்தன. 2020 செப்டம்பரில் குஜராத்தின் ஆலங்கில் கரையேறியது. பாதி உடைந்த நிலையில் உச்ச நீதிமன்றம் வரை போன முயற்சியும் பலிக்கவில்லை. அதற்கு முன் 'விக்ராந்த்' என்ற இந்திய விமானந்தாங்கி மும்பையில் 2001 முதல் 2012 வரை அருங்காட்சியகமாக இருந்தும் 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் எஃகில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள்களில் போய்ச் சேர்ந்தது. விசாகப்பட்டினக் கடற்கரையில் 2002 முதல் நிற்கும் 'குர்சுரா' நீர்மூழ்கி தப்பியது, அளவில் சிறியதாக இருந்ததும் கரையில் ஏற்றிவைக்க முடிந்ததும் காரணமாக இருக்கலாம்.

தீராத கேள்விகள்

இந்த நிலைப்பாடுகளை மேலிருந்து பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. பெரும்பாலானவை பொருளை மையமாகக் கொண்டவை. பொருளைத் தொடர்ந்து பழுதுபார்க்கும் கை இருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு பேசுபவை. அந்தக் கைக்குத்தான் இன்று தட்டுப்பாடு. விக்டரியின் பலகை இடுக்குகளில் கலப்பற்று அடைக்கவும், வளைந்த ஓக் கட்டையைத் தேர்ந்தெடுத்துச் செதுக்கவும் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் இப்போதைய வேலையோடு சேர்த்தே பயிற்சித் தொழிலாளர்களையும் எடுத்திருக்கிறார்கள். 1994-இன் நாரா ஆவணம், ஒரு மரபுப் பொருளின் உண்மைத்தன்மை அதன் மூலப்பொருளில் மட்டுமல்ல, செய்நேர்த்தியிலும் பயன்பாட்டிலும் தங்கலாம் என்று ஏற்றது. நம் ஊர்த் தேர்களுக்கு அச்சும் சக்கரமும் மாற்றித் திருப்பணி செய்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. மிதக்கும் பழங்கப்பல்களுக்காக 2003-இல் இறுதி வடிவம் பெற்ற பார்சிலோனா சாசனமும் பழைய கைவேலை முறைகளைக் காப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. இந்தப் பார்வையில் 1920-களின் மீட்டமைப்பைக்கூட வேறு விதமாக மதிப்பிடலாம்: நூறு ஆண்டுகளாக மரம் மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அந்தக் கைவேலை முற்றாக அறுந்துபோகவில்லை. இதை வசதியான சாக்காக எடுத்துக்கொண்டு, இருக்கும் பழைய மரத்தை அலட்சியமாக வெட்டி எறியும் அபாயமும் உண்டு. எல்லைக்கோடு எங்கே என்பதில் உடன்பாடு இல்லை.

எஃகுக் கப்பல்கள் இன்னும் கடினமான கேள்வி. மரத்துக்கும் தேனிரும்புக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. மெல்லிய எஃகுத் தகடும் மின்கம்பிகளும் கல்நாரும் நிறைந்த இருபதாம் நூற்றாண்டுக் கப்பலை இருநூறு ஆண்டுகளுக்கு வைத்திருக்கும் முறை யாரிடமும் இல்லை. இன்று போர்ட்ஸ்மவுத்தைத் தளமாகக் கொண்டிருக்கும் இரண்டு விமானந்தாங்கிகள் ஒவ்வொன்றும் 65,000 டன், 280 மீட்டர் நீளம். அவற்றை ஏற்றிவைக்கும் உலர்துறை அந்த நகரத்தில் இல்லை. ஹெர்மிஸுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேரும் என்று கருதுவதே இப்போதைக்குப் பொருத்தம்.

அப்படியானால் முன்னுரிமை எதற்கு? இங்கே பார்த்தவற்றைக் கொண்டு உறுதியாக ஒன்றைச் சொல்லலாம். போர்ட்ஸ்மவுத்தில் பெருந்தொகை போயிருப்பது கப்பல் உடல்களுக்கு; அதைவிடக் குறைவாகத் துறைக்கு; மிகக் குறைவாக உழைத்தவர்களின் சொல்லுக்கும் கருவிக்கும். அழியும் வேகத்தைப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். 1984-க்கு முன் அரசுக் கப்பல்துறையில் பதினாறு வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் மிக இளையவர்களும் இப்போது அறுபதை நெருங்குகிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய உலர்துறையோ மெழுகுக் கரைசலோ தேவையில்லை. இந்த வேலைக்கு இன்னும் இருபது ஆண்டு அவகாசம்கூட இல்லை.